எதில் நாற்பத்தொன்று

அலுவலகத்தில் அவனைப் புள்ளி என்று கூப்பிட்டார்கள். புள்ளிவிவரப் பிரிவில் அவன் ஒருவன்தான் இருந்தான். பிரிவின் பெயரையே சுருக்கி அவன் தலையில் கட்டிவிட்டார்கள். பெரும்புள்ளி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நகரப் பேருந்து நிறுவனத்தின் மூன்றாவது மாடியில், ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவே ஒரு மேசை, அதன் மேல் ஒரு கணினி, பக்கத்தில் எப்போதும் ஒரு தடித்த புத்தகம். சாப்பாட்டு இடைவேளையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தைப் புரட்டாமலே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பான். பார்க்கிறவர்கள் ஆழ்ந்து படிக்கிறான் என்று நினைத்து விலகிப் போவார்கள். அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

தன்னைப் பற்றி அவனுக்கு இரண்டு நம்பிக்கைகள் இருந்தன. தன் மௌனம் ஆழமானது என்பது ஒன்று. தன் சதவீதம் தப்பாது என்பது இன்னொன்று. முதல் நம்பிக்கையைக் கல்யாணமான புதிதிலேயே மனைவி உடைத்துவிட்டாள். அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கிறவளிடம் ஆழம் காட்டி என்ன ஆகப்போகிறது?

"நம்ம வீட்டு ஃப்ரிட்ஜும்தான் பேசாம நிக்குது," என்றாள் ஒருநாள். "அதைத் திறந்தா உள்ள ஏதாவது இருக்கும்."

இரண்டாவது நம்பிக்கை பத்திரமாக இருந்தது, ஒரு புதன்கிழமை காலை வரைக்கும்.

அந்தப் புதன்கிழமைக்கு வருவதற்கு முன் மச்சானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மனைவியின் அண்ணன். அதே நிறுவனத்தில் ஓட்டுநர். பல வருஷமாகப் பன்னிரண்டாம் தடத்தில் ஓட்டுகிறவர். குடியிருப்பதும் ஒரே கட்டிடத்தில்; இவர்கள் இரண்டாவது மாடி, அவர் மூன்றாவது மாடி. ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையிலேயே இறங்கி வந்து, புள்ளியின் நாற்காலியில் உட்கார்ந்து, புள்ளியின் செய்தித்தாளைப் பிரித்து, நாலு ஆள் பேச்சை ஒரே ஆளாகப் பேசுவார். எதிரே இவன் தலையாட்டிக்கொண்டு இருப்பான்.

"மாப்ளே, மூச்சாவது விடறியா, இல்ல அதையும் மிச்சம் பிடிக்கிறியா?" என்பார்.

இவன் சிரிக்காமல் இருக்கப் பார்ப்பான். முடியாது. உண்மையைச் சொன்னால், வாரம் முழுவதும் அவன் கட்டிக் காத்த மௌனத்துக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைச் சத்தம்தான் ஒரு அர்த்தம் கொடுத்தது. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதில்தான் கெட்டிக்காரனாயிற்றே.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மேலாளர் அம்மாள் ஒரு கணக்குக் கேட்டார். டிப்போவில் இருந்து கிளம்பும் மூன்று தடங்களில் எது அதிகம் தாமதமாகப் போகிறது? ஒவ்வொரு பேருந்திலும் ஒரு கருவி இருக்கிறது. எந்த நிறுத்தத்துக்கு எப்போது வந்தது என்று அது பதிந்துகொண்டே போகும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் தாமதம். புள்ளி அந்தப் பதிவுகளைக் கணினியில் ஏற்றி, பத்துப் பதினைந்து வரியில் ஒரு நிரல் எழுதி, மாலைக்குள் அட்டவணை போட்டுக் கொடுத்தான். பன்னிரண்டாம் தடம் நாற்பத்தொரு சதவீதம். ஒன்பதாம் தடம் முப்பத்துமூன்று. ஐந்தாம் தடம் இருபத்தாறு.

நூற்றுக்கு நாற்பத்தொன்று. மறுநாளே அந்தத் தாள் டிப்போ அறிவிப்புப் பலகைக்குப் போய்விட்டது. நாற்பத்தொன்றைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். மற்ற தடத்து ஓட்டுநர்களுக்குக் கொண்டாட்டம். பன்னிரண்டில் மூத்தவர் என்பதால் பட்டம் மச்சானுக்கே போய்ச் சேர்ந்தது. "வாப்பா நாப்பத்தொண்ணு", "நாப்பத்தொண்ணு கிளம்பிட்டாரு, எப்ப வருவாரோ" என்று ஆரம்பித்து, சில நாளில் பயணிகள் காதுக்கே எட்டிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் மச்சான் இறங்கி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். செய்தித்தாளைத் தொடவில்லை.

"மாப்ளே, அந்தக் கணக்கு உன்னோடதாமே?"

"ஆமா மச்சான்."

"நாங்க அவ்வளவு லேட்டு இல்லடா. அந்த மெஷின்ல கடிகாரம் தப்பா ஓடுது. எங்க பஸ்ஸுல மட்டும் ஓடுது."

புள்ளி அப்போது வாயைத் திறந்தான். மாதக்கணக்கில் திறக்காத வாய், திறந்ததுதான் திறந்தது, ஏதாவது நல்ல வார்த்தைக்குத் திறந்திருக்கக் கூடாதா?

"மச்சான், உணர்வு வேற, தரவு வேற," என்றான்.

சொன்னதோடு நிற்கவில்லை. மனிதனுக்குத் தன்னைப் பற்றி ஒரு தோற்றம் இருக்கும், எண்ணுக்கு அப்படி எதுவும் கிடையாது என்று ஒரு விளக்கம். அது அந்தத் தடித்த புத்தகத்தில் அவன் புரட்டாமல் வைத்திருந்த பக்கத்தில் இருந்த வாக்கியம். சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்த மனைவி, வேண்டாம் என்பதுபோலக் கண்ணைக் காட்டினாள். அதையும் அவன் ஒரு தரவாக எடுத்துக்கொள்ளவில்லை.

மச்சான் பாதி குடித்த டீயை வைத்துவிட்டு மாடி ஏறினார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கி வரவில்லை. படிக்கட்டில் எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார், முன்பின் தெரியாதவருக்கு விடுவது மாதிரி.

மௌனத்தில் புள்ளி கரை கண்டவன். அதில் எத்தனை ரகம் உண்டு என்று அவனுக்குத் தெரியும். யோசிக்கிற மௌனம், களைத்த மௌனம், ஒன்றும் தோன்றாததால் வருகிற மௌனம். கடைசி ரகத்தில்தான் அவன் பெரும்பாலும் குடியிருந்தான். மூன்றாவது மாடியில் இருந்து இறங்கி வந்த மௌனம் இது எதிலும் சேராது. அது மேலே நாற்காலி நகரும் சத்தத்தோடும், மச்சான் மகள் பள்ளியில் இருந்து வந்து கதவைத் தட்டும் சத்தத்தோடும் சேர்ந்து வந்தது. அப்பா வீட்டில் இருப்பார் என்ற தைரியத்தில் தட்டுகிற தட்டு அது. மச்சானுக்குக் காலை முறை. மத்தியானம் கடைசி நடை முடித்து, மகள் வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் மனைவிக்கு மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் சாயங்காலம் வரை வேலை.

இப்போது புதன்கிழமை.

காலையில் மேலாளர் அம்மாள் கூப்பிட்டு அனுப்பினார். அட்டவணைக்காரரும் அங்கே இருந்தார். எந்தப் பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று நேரம் போடுகிறவர். நேரம் போடுவதைத் தவிர மற்றதற்கெல்லாம் தாமதமாக வருகிறவர்.

"பன்னெண்டு விஷயத்தை இன்னைக்கே முடிச்சிரலாம்," என்றார் மேலாளர். "அந்த ரூட்ல இருக்கிற சீனியர் டிரைவர்களை உதிரிக்கு மாத்தறோம். பன்னெண்டு மணிக்கு மீட்டிங். அதுக்குள்ள எனக்குக் காலையில எத்தனை, சாயங்காலம் எத்தனைன்னு பிரிச்சுக் கொடுங்க. எந்த ஷிப்டை முதல்ல மாத்தறதுன்னு பாக்கணும்."

உதிரி என்றால், யாராவது வராத நாளில் அவர்கள் இடத்துக்குப் போகிறவர். எந்தத் தடம், எந்த நேரம் என்பது முதல் நாள் சாயங்காலம்தான் தெரியும். பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று புள்ளி கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

மேசைக்கு வந்து பழைய நிரலைத் திறந்தான். ஒரு சொல்தான் சேர்க்க வேண்டியிருந்தது. தடம் வாரியாகப் பிரி என்று இருந்ததைத் தடம் வாரியாக, வேளை வாரியாகப் பிரி என்று மாற்றினான். ஓடவிட்டான். பன்னிரண்டாம் தடம்: காலை முப்பது, மாலை பதினொன்று.

சரி என்று நகலெடுக்கப் போனவன் கை நின்றது.

காலையில் நூற்றுக்கு முப்பது தாமதம். மாலையில் நூற்றுக்குப் பதினொன்று. அப்படியென்றால் நாள் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவதுதானே வர வேண்டும்? அண்ணன் நாலடி, தம்பி மூன்றடி என்றால் சராசரி உயரம் எப்படி ஏழடி ஆகும்? முப்பதும் பதினொன்றும் சேர்ந்தால் நாற்பத்தொன்று. சேர்ந்தால். சதவீதங்கள் அப்படிச் சேரக் கூடாது.

நிரலை மேலிருந்து படித்தான். தன் எழுத்தைத் தானே படிப்பதில் அவனுக்கு ஒரு சுகம் உண்டு. இன்று அது போன இடம் தெரியவில்லை. மூன்றாவது வரியிலேயே இருந்தது. தாமதமான நடைகளை மட்டும் வைத்துக்கொள், மற்றதை விடு. அன்றைக்குத் தாமதங்கள் எப்படி இருக்கின்றன என்று சும்மா ஒரு பார்வை பார்ப்பதற்காகப் போட்ட வரி. பார்த்தான். எடுக்க மறந்தான். அதன் கீழேயே மீதி நிரலைக் கட்டினான்.

இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. அது கையில் இருப்பதை வைத்துத்தான் வகுக்கும். நேரத்துக்குப் போன பேருந்துகளை எல்லாம் மூன்றாவது வரியில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, நாலாவது வரியில் சதவீதம் கேட்டால் அது என்ன செய்யும்? உள்ளே இருந்த தாமதங்களைப் பங்கு போட்டுக் கொடுத்தது. சிவப்பில் ஒரு எச்சரிக்கை வரவில்லை. அவன் கேட்ட கேள்விக்குச் சரியான விடை. கேள்விதான் வேறு.

மூன்றாவது வரியை அழித்தான். ஒவ்வொரு தடத்திலும் மொத்த நடை எத்தனை, அதில் தாமதம் எத்தனை என்று எழுதி மறுபடி ஓடவிட்டான். பன்னிரண்டாம் தடத்தில் மாதம் அறுநூறு நடை, தாமதம் நாற்பத்தெட்டு. நூற்றுக்கு எட்டு. காலையில் பத்து, மாலையில் ஐந்து. எட்டு பவ்வியமாக நடுவில் உட்கார்ந்திருந்தது. நூற்றைம்பது நடை போகிற ஒன்பதாம் தடம் நூற்றுக்கு இருபத்தாறு. நூறே நூறு நடை போகிற ஐந்தாம் தடம் முப்பது.

மூன்றில் நேரத்துக்குப் போகிற ஒரே தடத்தைத் தேடிப் பிடித்துச் சிவப்பு வட்டம் போட வைத்திருக்கிறான்.

புத்தகத்தைப் பார்த்தான். அது எந்தப் பக்கம் திறந்திருந்ததோ அந்தப் பக்கமே திறந்திருந்தது. எண்ணுக்குத் தன்னைப் பற்றித் தோற்றம் கிடையாது. ஆமாம், எண்ணுக்கு எதற்கு? அதைச் சுமக்கத்தான் இவன் இருக்கிறானே. புத்தகத்தை மூடி, ஜெராக்ஸ் தாள்கட்டுக்கு அடியில் வைத்தான்.

மீட்டிங்குக்கு மேலாளர், அட்டவணைக்காரர், இவன், மூன்றே பேர். புதிய அட்டவணையை மேசையில் வைத்தான். வைத்தவுடன் சொல்லிவிட வேண்டும் என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தான். முதல் வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. ஆனால் மேலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முந்திவிட்டார்.

"எட்டா? நாப்பத்தொண்ணு எட்டு ஆயிருச்சா?" அவர் முகம் மலர்ந்தது. "ரெண்டே மாசத்துல. பாத்தீங்களா, போர்டுல ஒட்டினது வேலை செஞ்சிருக்கு."

"நான்தானே மேடம் ஒட்டச் சொன்னேன்," என்றார் அட்டவணைக்காரர். "வட்டம் போட்டதும் நான்தான்."

"அப்ப உதிரிக்கு மாத்த வேண்டாம். அவங்க அங்கேயே இருக்கட்டும். அஞ்சு மோசமாயிட்டு வருது போல. அதுக்கும் ஒரு தாள் ஒட்டுங்க."

"பெரிய வட்டமா போட்டுரலாம் மேடம்."

முடிந்தது. மச்சானுக்கு அவர் தடம் இருக்கிறது, மகளுக்கு மத்தியானம் கதவு திறக்கும், மேலாளருக்கு வெற்றி, அட்டவணைக்காரருக்குப் பெருமை. புள்ளி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: சும்மா இருக்க வேண்டும். உலகத்தில் எத்தனை பேருக்கு இப்படி அமையும்? அவன் பிறந்ததில் இருந்து பயிற்சி எடுத்துவந்த ஒரே கலை, இன்றுதான் ஒரு காரியத்துக்கு உதவுகிறது. இவ்வளவு பொருத்தமான மௌனம் அவன் வாழ்க்கையில் வந்ததே இல்லை.

இருந்தான். காற்றாடி சுற்றியது. மேலாளர் பேனாவை மூடினார்.

மச்சான் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்வார் என்று தோன்றியது. நாற்பத்தொன்றாக இருந்தவன் ஒரு தாளைப் பார்த்துப் பயந்து எட்டாகத் திருந்தினேன் என்றா? கடிகாரம் தப்பு என்று சொன்னவர், ஒருநாள் படிக்கட்டில் ஒதுங்கி நின்று, "நீ சொன்னது சரிதான் மாப்ளே" என்று சொல்லிவிட்டால்?

அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கத் தன்னால் முடியாது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"மேடம்," என்றான். குரல் பாதியில் உடைந்து ஜெராக்ஸ் இயந்திரம் மாதிரி வந்தது. "இது புது மாசம் இல்ல. பழைய மாசம்தான். அதே பஸ், அதே நடை."

"அப்ப நாப்பத்தொண்ணு?"

"அது என் தப்பு."

மேலாளர் பேனாவை மறுபடி திறந்தார். அவன் சொன்னான். லேட்டான பஸ்ஸை எல்லாம் ஒரே இடத்தில் நிறுத்தி, அதில் எத்தனை பன்னிரண்டு என்று எண்ணிக் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டில் எத்தனை லேட்டு என்று எண்ணவில்லை. அது மற்ற தடங்களைவிட நாலு மடங்கு, ஆறு மடங்கு ஓடுகிறது. அதனால் லேட்டான கூட்டத்திலும் அதுதான் அதிகமாக நிற்கும்.

"அதாவது," என்றார் அட்டவணைக்காரர் மெதுவாக, "நிறைய ஓட்டினதுக்குத் திட்டு வாங்கியிருக்காங்க."

"ஆமா சார்."

"வட்டம் நான் போட்டேன்."

"எண் நான் கொடுத்தேன் சார்."

மேலாளர் இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழையதில் நாற்பத்தொன்று, முப்பத்துமூன்று, இருபத்தாறு என்று விரலால் கூட்டினார். "சரியா நூறு வருது," என்றார். "மூணு ரூட்டோட சதவீதம் சேர்ந்து நூறு வந்தா சந்தேகம் வந்திருக்கணும். எனக்கும்தான் வரல." பிறகு நிமிர்ந்தார். "அந்தத் தாள் இருக்கிற வழியாத்தானே தினமும் வர்றீங்க?"

"ஆமா மேடம்."

"உங்க கையாலயே எடுங்க. புதுசை ஒட்டுங்க. தப்பு யாரோடதுன்னும் எழுதுங்க."

எழுதுவதற்கு உட்கார்ந்தால் அவனுக்குள் இருந்த படிப்பாளி விழித்துக்கொண்டான். 'கணக்கீட்டு முறையில் செய்யப்பட்ட மேம்பாட்டின் விளைவாக' என்று ஆரம்பித்தான். அழித்தான். 'சில தொழில்நுட்பக் காரணங்களால்' என்று எழுதினான். பூசி மெழுகுவதில் தனக்கு இவ்வளவு வளமான நடை இருப்பது அவனுக்கே புதிதாக இருந்தது. கடைசியில் ஐந்து வரி மிஞ்சியது.

டிப்போவில் பழைய தாள் லேசில் வரவில்லை. ஒட்டுநாடா பலகையோடு பலகையாகிவிட்டிருந்தது. நாற்பத்தொன்றுக்கு யாரோ மீசை வரைந்திருந்தார்கள். நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஆள் சேர்ந்துவிட்டது. புதியதை ஒட்டினான். ஒருவர் உரக்கப் படித்தார்.

"பன்னிரண்டாம் தடத்தில் தாமதம் நூற்றுக்கு எட்டு. மூன்று தடங்களில் இதுவே குறைவு. நாற்பத்தொன்று என்று முன்பு ஒட்டியது தவறு. தவறு செய்தது புள்ளிவிவரப் பிரிவு. அந்தப் பிரிவில் இருப்பது நான் ஒருவன்தான்."

பிறகு படித்தவரே கேட்டார்.

"சார், உங்க பிரிவுல எத்தனை பேரு தப்புப் பண்ணாங்க? சதவீதத்துல சொல்லுங்க."

"நூறு," என்றான் புள்ளி.

இந்தத் தடவை எதை எதால் வகுப்பது என்பதில் சந்தேகமே இல்லை. சிரிப்பு டிப்போக் கூரையில் மோதித் திரும்பியது. சிரிப்பு அடங்கும்போது பார்த்தான்; கூட்டத்துக்குப் பின்னால் மச்சான் நின்றார். மற்றவர்களை விலக்கிக்கொண்டு வந்தார், தாளை ஒரு முறை படித்தார், மறுபடி முதலில் இருந்து படித்தார். திரும்பி நடந்து தன் பேருந்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கடைசி நடை.

புள்ளி பின்னாலேயே போய் முன்வாசலில் நின்றான்.

"மச்சான்."

மச்சான் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைச் சரிசெய்தார். சரியாக இருந்த கண்ணாடியை.

"அன்னைக்கு என்ன சொன்னே?" என்றார், சாலையைப் பார்த்துக்கொண்டே. "உணர்வு வேற..."

"தரவு வேற."

"இப்ப எது பேசுது?"

"ரெண்டும் இல்ல மச்சான். மானம் போற சத்தம் அது."

மச்சானின் மீசை லேசாக அசைந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டார்.

"என் மககிட்ட யாரோ ஸ்கூல்ல கேட்டிருக்கான். உங்கப்பாதான் நாப்பத்தொண்ணாமேன்னு. அவ என்கிட்ட கேக்கல. உன் பொண்டாட்டிகிட்ட வந்து கேட்டிருக்கா."

இது அவனுக்குத் தெரியாது. மனைவி சொல்லவில்லை. இந்த வீட்டில் மௌனம் தனக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்திருந்தான்.

"நானே அவகிட்ட சொல்றேன் மச்சான்."

"சொல்லு. இந்த உணர்வு கிணர்வு எல்லாம் இல்லாம சொல்லு." கொஞ்சம் நிறுத்தி, "அப்ப எங்க மெஷின்ல கடிகாரம்?"

பொய் சொன்னால் அவர் சந்தோஷப்படுவார். புள்ளி யோசித்துப் பார்த்தான். இன்றைக்கு அதற்கும் தெம்பில்லை.

"அது சரியாத்தான் ஓடுது. ஒரு செகண்டுகூடத் தப்பல."

"அதுல மட்டும் நான் தப்பா?"

"ஆமா மச்சான்."

"விடமாட்டியே," என்றார் மச்சான். உள்ளே ஒரு பயணி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, வண்டி போகுமா போகாதா என்று கேட்டார். மச்சான் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு நிமிஷம் ஆச்சு. அஞ்சு தாண்டினாத்தானே உன் கணக்குல லேட்டு? ஏறு."

"எனக்கு ஆபீஸ் இருக்கு."

"மக வந்துருவா. சொல்றேன்னே இல்ல? ஏறு."

ஏறினான். கதவு மூடியது. பேருந்து டிப்போ வாசலைத் தாண்டித் திரும்பியது. முதல் நிறுத்தம் வரை மச்சான் பேசவில்லை. இரண்டாவது நிறுத்தம் வரையும் பேசவில்லை. இது எந்த ரகம் என்று புள்ளி பழக்கத்தில் யோசிக்க ஆரம்பித்தான். மூன்றாவது நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது.

"நாப்பத்தொண்ணு," என்று மச்சான் கண்ணாடியில் அவனைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார். "படியில நிக்காதே. உள்ள தள்ளிப் போ."

பயணிகள் எல்லாரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். புள்ளி உள்ளே தள்ளிப் போனான்.